லூர்துவுக்கு ஈசினோஃபில் முப்பத்தெட்டு

போர்ட் பிளேரில் லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒருவரின் வேலை என்னால் போகவிருந்தது. நான் செய்த குற்றம், ரத்தத்தைச் சரியாக எண்ணியது.

அறுபதுகளின் நடுப்பகுதி. ஹார்பரில் கலாசி வேலைக்கு, அதாவது கப்பல்துறைக் கூலி வேலைக்கு, ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தேர்வானவர்கள் மெடிக்கலுக்கு எங்களிடம் வருவார்கள். சீட்டை நீட்டுவார்கள். விரலைக் குத்தி, ஒரு சொட்டை ஸ்லைடில் இழுத்து, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் வெள்ளை அணுக்களை வகை பிரித்து நூறு வரை எண்ணுவேன். இதற்கு டி.சி. என்று பெயர்.

'லூர்து, வயது 22' என்ற சீட்டுடன் வந்தவர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். விரல் ஒவ்வொன்றும் நேந்திரம்பழம். இருபத்திரண்டு வயது என்றால் பெற்ற தாயே நம்பமாட்டாள். கடல்காற்று ஆளை முற்ற வைக்கும்போல என்று நினைத்துக்கொண்டு குத்தினேன்.

மைக்ராஸ்கோப்பில் பார்த்த இடமெல்லாம் ஆரஞ்சு. ஈசினோஃபில் என்ற அணுவுக்குள் ஆரஞ்சுப் பொடி தூவியதுபோலத் துகள்கள் இருக்கும். சாதாரணமாக நூறில் நாலைந்துதான் தட்டுப்படும். இவருக்கு முப்பத்தெட்டு. வேறு ஸ்லைடு எடுத்து மறுபடி எண்ணினேன், குறையவில்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

டாக்டர் கூப்பிட்டார்

மறுவாரம் டாக்டர் என்னை அழைத்தார். வங்காளி, தீவு இந்தியில் நம் தமிழையும் கலந்து பேசுவார். அவர் முன்னால் ஸ்டூலில் ஒடிசலான ஓர் இளைஞர். அவருடைய சட்டைக்குள் இன்னொருவருக்கும் இடமிருந்தது.

"இவன்தான் லூர்து. முப்பத்தெட்டு பர்சென்ட். பார்த்தால் தெரியுதா?" என்றார் டாக்டர்.

எனக்குத் தெரிந்தது வேறு. நேந்திரம்பழ விரல்காரர் கதவோரம் நின்று மேல்கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் லூர்துவின் அக்காள் புருஷன் என்பதும் பெயர் சவரிமுத்து என்பதும் பிறகு தெரிந்தது. போர்ட் பிளேரின் ஜங்லிகாட் பகுதியில் இருந்த அந்தக் குடும்பத்தில், படகில் ஒருவர் முறைக்கு இன்னொருவர் போவது வழக்கம். மெலிந்த உடம்பில் ரத்தமும் குறைவாக இருக்கும், வேலை தரமாட்டார்கள் என்று பயந்த லூர்து, ரத்தத்துக்கும் அதே முறையில் அத்தானை அனுப்பியிருந்தார்.

டாக்டர் விசாரணையைத் தொடங்கினார். "ராத்திரி மூச்சு இழுக்குதா?"

"இல்ல, சாப்."

"காஸி? இருமல்?"

"இல்ல, சாப்."

கதவோரம் ஒரு இருமல் கேட்டது.

"ஜங்கிள்ல செருப்பு இல்லாம நடந்தியா? கால்ல குஜ்லி, அரிப்பு?"

"நான் படகை விட்டு எறங்குனதே இல்ல, சாப்."

சவரிமுத்து ஒரு காலால் மறுகாலின் விரலிடுக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் பேனாவைத் திறந்தார். "நீ எல்லாத்துக்கும் இல்லைங்கிற, ரத்தம் மட்டும் ஹான், ஆமாங்குது. அன்ஃபிட். மருந்து சாப்பிட்டு மூணு மாசம் கழிச்சு வா."

லூர்துவின் முகம் இருண்டது. "அதுக்குள்ள வேற ஆளப் போட்டுருவாவ, சாப்! நான் அடுத்த கப்பல்ல ஊருக்குத்தான் போணும்!"

"ருக்கோ, பொறுங்க சாப்!" என்று சவரிமுத்து முன்னால் வந்தார். "அது எம் ரத்தம்."

"அத்தான், வாய மூடுங்க!"

"நீ சும்மா கெட லே. சீக்காளின்னு எழுதப்போறாரு."

நோயாளி என்றாலும் வேலை போகும், ஏமாற்றுக்காரர் என்றாலும் போகும். லூர்து கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் சவரிமுத்துவின் பாதங்களைப் பார்த்தார்.

"எங்க வேலை?"

"லாங் ஐலண்டுல மரம் வெட்டுதேன், சாப்."

"செருப்பு?"

"சேத்துல வழுக்கும், சாப்."

"சிஸ்டர்," என்றார் டாக்டர் என்னிடம். நான் நர்ஸ் இல்லை என்று பலமுறை சொல்லிக் களைத்திருந்தேன். "ரெண்டு பேர் விரலும் என் கண் முன்னால குத்து. ஹீமோகுளோபினும் பாரு."

சவரிமுத்து மைத்துனரின் கையைப் பிடித்துக்கொண்டார். "பயப்படாத மாப்ள, கொசுக்கடிதான். நான் ஒனக்காவ ஏற்கெனவே பட்டாச்சு."

இரண்டு ரத்தம்

லூர்துவுக்கு ஈசினோஃபில் மூன்று, ஹீமோகுளோபின் அருமை. சவரிமுத்துவுக்கு ஈசினோஃபில் அதே உயரம், ஹீமோகுளோபின் லூர்துவினுடையதில் பாதிக்குச் சற்று மேல்.

"இந்த எலும்பவிட எனக்குக் கொறச்சலா?" என்று சவரிமுத்து என் மைக்ராஸ்கோப்பைச் சந்தேகமாகப் பார்த்தார்.

டாக்டர் பழைய ரிப்போர்ட்டைக் கிழித்தார். "ஆள் இல்லாத ரத்தத்துக்கு நான் சர்ட்டிபிகேட் எழுத மாட்டேன்." லூர்துவுக்கு 'ஃபிட்' என்று எழுதினார். கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார். "முதல்ல அத்தானோட மலத்தை டெஸ்டுக்குக் கொண்டு வா. அப்புறம் இதை வாங்கிட்டுப் போ."

ஒரு கலாசி வேலை அப்படிப்பட்ட டப்பாவுக்காகக் காத்திருந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மறுநாள் காலை லூர்து அதைத் திருப்பலிக்குக் காணிக்கை கொண்டுபோவதுபோல இரு கையாலும் ஏந்தி வந்தார். உள்ளே கொக்கிப்புழு முட்டைகள். வெறுங்கால் வழியாக ஏறிய புழு, குடலில் உட்கார்ந்து அந்த மலைபோன்ற மனிதரின் ரத்தத்தைக் குடித்துக்கொண்டிருந்தது.

இப்போது லேப் வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல இருப்பது இதுதான். ஈசினோஃபில் கூடியிருப்பது ஒரு நோயின் பெயர் அல்ல, உடம்பு கொடுக்கும் புகார். காரணம் புழுவாக இருக்கலாம், இழுப்பு, ஒவ்வாமை, யானைக்கால் கிருமி, சாப்பிட்ட மருந்து என்று எதுவாகவும் இருக்கலாம். எண்ணைச் சொல்வது நம் வேலை. அது யாருடைய எண் என்பதை உறுதிசெய்வதும் நம் வேலைதான். குத்துவதற்கு முன் பெயரைக் கேட்கும் பழக்கம் எனக்கு அப்படித்தான் வந்தது.

மருந்து முடிந்து மறுபரிசோதனைக்கு சவரிமுத்து ரப்பர் செருப்புடன் வந்தார். ஊசியைக் கையில் எடுத்து, "பேர் என்ன?" என்றேன்.

"இன்னைக்கு சவரிமுத்துதான், சிஸ்டர்."