லவுஞ்சில் அம்மா உட்கார்ந்த நாற்காலி

கண்ணுங்களா, அம்மாவும் நானும் விமானம் ஏறிப் போன அன்று, பரீட்சை என்று நீங்கள் இரண்டு பேரும் ஒக்கலிபுரத்தில் அத்தை வீட்டில் இருந்தீர்கள். மும்பையில் சித்தி மகனுக்கு முதல் பிறந்த நாள். மலிவாகக் கிடைக்கிறது என்று சித்தப்பா மூன்று மாதம் முன்பே எங்களுக்கு டிக்கெட் போட்டிருந்தார். திரும்பி வந்ததும், "ஃபிளைட் எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டீர்கள். "நல்லா இருந்துச்சு, காது அடைச்சுக்கிச்சு" என்று அம்மா முடித்துவிட்டாள். விமானத்தைப் பற்றிச் சொல்ல எனக்கும் பெரிதாக ஒன்றுமில்லை. ஏறுவதற்கு முன்னால் நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

அம்மா ஏர்போர்ட் லவுஞ்சில் வேலை செய்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். விமானத்துக்குக் காத்திருப்பவர்கள் கார்டைக் காட்டி உள்ளே போய், வேண்டியதைச் சாப்பிட்டு, சாய்ந்து படுத்துவிட்டுக் கிளம்புகிற இடம் அது. அவர்கள் எழுந்த பிறகு தட்டை எடுத்து, மேஜையைத் துடைத்து, குஷனைத் தட்டி வைப்பது அம்மாவின் வேலை. கண்ணாடிச் சுவர் ஓரமாகக் காலை நீட்டிப் படுக்கிற நாற்காலிகள் இருக்கின்றன, அங்கிருந்து விமானம் ஏறுவதும் இறங்குவதும் நன்றாகத் தெரியும் என்று வீட்டில் அடிக்கடி சொல்லுவாள். கடைசியில், "நமக்குத் துடைக்கிறதோட சரி" என்பாள். வேலை செய்பவர்கள் அந்த நாற்காலிகளில் உட்காரக் கூடாது. அது அங்கே கண்டிப்பு.

டிக்கெட் வந்த அன்றே, அம்மா ஒரு தடவையாவது அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்று நான் முடிவு செய்துவிட்டேன். நான் லிஃப்ட் ரிப்பேருக்குப் போகிற அபார்ட்மென்டில் ஒரு சார் விவரம் சொன்னார். என் பேங்க் கார்டுக்கே லவுஞ்ச் உண்டாம். அம்மா பெயருக்கும் கூட ஒரு கார்டு வாங்கிக்கொள்ளலாமாம். ஆனால் முந்தின மூன்று மாதம் கார்டில் நன்றாகச் செலவு செய்திருந்தால்தான் உள்ளே விடுவார்களாம். மளிகை, கேஸ், உங்கள் ஸ்கூல் ஃபீஸ் எல்லாவற்றுக்கும் நான் கார்டையே நீட்டிக்கொண்டிருந்தது அதற்காகத்தான். ஜீவனஹள்ளியில் ஒரு தேங்காய்க்கடைக்காரர், "ரெண்டு தேங்காய்க்குக் கார்டாப்பா? அடுத்து கறிவேப்பிலைக்கு லோன் கேப்பியா?" என்று எல்லார் முன்னாலும் மானத்தை வாங்கினார்.

ஏர்போர்ட்டில் செக்யூரிட்டி சோதனை முடிந்ததும் விஷயத்தைச் சொல்லி, அம்மா கையில் அவள் கார்டைக் கொடுத்தேன். அவள் முகம் மாறிவிட்டது.

"வேணாங்க. சூப்பர்வைசர் மேடம் இருப்பாங்க. திரும்பி வந்து நான் அங்கதான் வேலைக்குப் போகணும்."

"கார்டுல உன் பேருதான இருக்கு? திருடிக்கிட்டா போறோம்?"

"நீங்க போய் சாப்பிட்டு வாங்க. நான் பிளேன் ஏத்துற கேட் பக்கத்துல உட்கார்ந்திருக்கேன்."

"நீ வராம எனக்கு என்ன இட்லி வேண்டிக்கிடக்கு?" என்றேன். முறைத்துக்கொண்டே வந்தாள்.

லவுஞ்ச் வாசலில், கால் பழகின பழக்கத்துக்கு, வேலையாட்கள் நுழைகிற பக்கவாட்டுக் கதவுக்குப் போய்விட்டாள். நான்தான் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். முன் மேஜையில் இருந்த பெண்ணுக்கு அம்மாவைத் தெரியும்.

"என்னக்கா, லீவுன்னீங்க, டியூட்டிக்கு வந்துட்டீங்களா?"

அம்மா கார்டையும் போர்டிங் பாஸையும் நீட்டினாள். அந்தப் பெண் இரண்டையும் பார்த்தாள், அம்மாவின் பட்டுப்புடவையைப் பார்த்தாள். கார்டை மிஷினில் வைத்தாள். மிஷின் யோசித்தது. பிறகு சீட்டு வெளியே வந்தது. "வெல்கம்க்கா!" என்று அந்தப் பெண் எழுந்தே நின்றுவிட்டாள்.

உள்ளே போனதும் அம்மா என் காதில், "பாஸ்தா எடுக்காதீங்க, ஆறிப்போயிருக்கும். இட்லி இப்பத்தான் வந்திருக்கு, ஆவி பாருங்க" என்றாள். சாப்பிட்டோம். கடைசி வாய் விழுங்கியதும் அம்மா எழுந்து என் தட்டை எடுத்தாள், தன் தட்டை எடுத்தாள். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பக்கத்து மேஜையில் கிடந்த தட்டையும் எடுத்து அடுக்கிவிட்டாள். அங்கே லேப்டாப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் தலை நிமிராமலே, "ஒன் காபி, நோ ஷுகர்" என்றார். அம்மாவும் "யெஸ் சார்" என்று போய்க் கொண்டுவந்து வைத்துவிட்டாள்! பட்டுப்புடவையோடு!

அம்மாவோடு வேலை செய்கிற கன்னடக்கார அக்கா ஒருவர் இதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்தார்.

"ஏய், யாருடி உன்ன வேலை செய்யச் சொன்னது? என் வேலைக்கு உலை வைக்கிறியா? சும்னே கூத்கோ!"

சும்மா உட்காரு என்று அர்த்தம். காபி கேட்டவர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்து, பதறி எழுந்து, "ஸாரி மேடம்" என்றார்.

"அதனால என்ன சார், சக்கரை போடல, குடிங்க" என்று அம்மா சிரித்தாள்.

அந்த அக்கா அம்மாவைக் கண்ணாடி ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அம்மா அதைத் துடைக்கத் துணி கேட்டாள். "அது என் வேலை" என்று அக்காவே துடைத்தார். அம்மா டாக்டர் வீட்டில் உட்காருகிற மாதிரி நுனியில் உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் சூப்பர்வைசர் மேடம் வந்தார். சின்ன வயசு, கறுப்புக் கோட்டு, சிரிக்காத முகம். அம்மா ஸ்பிரிங் போட்ட மாதிரி எழுந்து நின்றாள். நான் செய்த வேலையால் அவள் வேலைக்கு ஏதாவது வந்துவிட்டால்?

மேடம் அம்மாவை மேலும் கீழும் பார்த்தார். "உட்காருங்க, மேடம்" என்றார்.

அம்மா உட்காரவில்லை. மேடமே அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்து, குனிந்து பக்கத்தில் இருந்த பொத்தானை அமுக்கினார். நாற்காலி மெதுவாகச் சாய்ந்தது. அம்மாவின் கால் மேலே வந்தது. "ஐயையோ!" என்று அவள் இரண்டு கைப்பிடிகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஏதாவது வேணுமா, மேடம்?"

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "காபி ஒண்ணு" என்றாள். "சக்கரை தூக்கலா."

கன்னடக்கார அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். மேடமும் சிரித்துவிட்டார். காபியை அவரே கொண்டுவந்து கொடுத்தார். அம்மா அதைக் குடித்தபடி, கண்ணாடிக்கு வெளியே ஒவ்வொரு விமானமாக எனக்குக் காட்டினாள். பிறகு பேச்சு நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால், தூங்கியிருந்தாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. அந்த ஏர்போர்ட்டில் பஸ் ஸ்டாண்டு மாதிரி கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். போர்டில் எங்கள் விமானத்தின் வரி, ஏறலாம் என்று மாறுகிற வரைக்கும் நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன், அவளை எழுப்பவில்லை.

வெளியே வந்து கேட்டில் வரிசை பிடித்ததும், "பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்" என்று பையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, வேகமாக லவுஞ்ச் வாசலுக்குத் திரும்பினேன். அங்கே சின்னக் கம்பத்தில் ஒரு பெட்டி இருந்தது. பச்சையில் சிரிக்கிற முகம், சிவப்பில் அழுகிற முகம். எப்படி இருந்தது என்று அமுக்கிவிட்டுப் போகச் சொல்கிறார்கள். யாரும் பார்க்கவில்லை. பச்சை முகத்தை அமுக்கினேன். அது அணைந்து மறுபடி எரிகிற வரை நின்று, மறுபடியும் அமுக்கினேன். அப்புறம் கேட்டுக்கு ஓடினேன்.