மச்சானின் இடது கைப் பொல்லு

ஆகஸ்ட் விடுமுறையில் கல்முனையில் ஆடுபவர்களுக்கும் ஆட்டம் அமைப்பவர்களுக்கும் ஒரு பயிற்சி வைத்தார்கள். பாடசாலை மண்டபம் ஒன்றில் மேசை கதிரைகளை ஒரு பக்கமாக அடுக்கித் தரையைக் கழுவி வைத்திருந்தார்கள். பரதம் படித்த டீச்சர்மார், கூத்தாடுகிற இளைஞர்கள், சிங்கள ஊர்களில் இருந்து வந்த மேளக்காரர்கள் என்று பலர் வந்தார்கள். எங்கள் ஊர்ப் பொல்லடிக் குழுவையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் அந்தக் குழுவில் ஒருவன்.

பொல்லடி ஆண்கள் ஆடுவது. வட்டமாக நிற்போம். ஆளுக்கு இரண்டு பொல்லு, கைக்கு அடங்கிய கம்புகள். பாட்டுக்குக் காலெடுத்து வைத்து, எதிரில் நிற்பவனின் பொல்லில் எங்கள் பொல்லை அடித்துக்கொண்டே சுற்றி வருவோம். எதிரில் நிற்பவனைச் சோடி என்போம். சில ஊர்களில் சோடி மாறிக்கொண்டே இருக்கும். எங்கள் குழுவில் மாறாது. வட்டந்தான் சுழலும்.

என் சோடி என் மச்சான். என் மனைவிக்கு நானா, அதாவது மூத்த சகோதரன். எனக்கு ஆட்களின் முகத்தைப் பார்த்துக் கதைக்க வராது. பேக்கரியின் பின்பக்கத்தில் மாவு பிசைகிற வேலை எனக்குப் பிடித்துப்போனதும் அதனால்தான். ஆனால் வட்டத்துக்குள் போனால் சோடியின் முகத்தைப் பார்த்தே ஆக வேண்டும். அவன் கண்ணைப் பார்த்தால்தான் பொல்லு எங்கே வரும் என்று தெரியும். நாங்கள் சோடி சேர்ந்தது கலியாணத்துக்கு முதலே. பெண் பார்க்கப் போன அன்றுகூட நான் பெண்ணைப் பார்க்கவில்லை, வெட்கத்தில் அவனையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு வந்தேன். என் மனைவி இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள்.

மச்சான் கரைவலை இழுப்பவன். போன நோன்புப் பெருநாள் கழிந்து கொஞ்ச நாளில், கடற்கரையில் கயிறு இழுத்துக்கொண்டிருந்தவன் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான். வாய் ஒரு பக்கம் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தான். வாய் நேரானது, காலும் சரியானது. இடது கை மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. தேநீர்க் கோப்பையைப் பிடிப்பான், ஆனால் யாராவது உரசினால் கோப்பை விழுந்துவிடும். கயிற்றில் அவன் நின்ற இடத்தில் வேறொருவன் நிற்கத் தொடங்கினான். பொல்லடி வட்டத்தில் இருந்த இடம் ஒன்றுதான் அவனுக்கு மிச்சம்.

எங்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆட்டத்தில் பொல்லு விழுந்தால் குனிந்து எடுக்கக் கூடாது. குனிந்தால் மற்றவனின் பொல்லு தலையில் இறங்கும். விழவிட்டவன் வட்டத்தை விட்டு வெளியே போய்ப் பாட்டுக்காரர்களோடு நிற்க வேண்டும். குழுவை நடத்துகிற அண்ணாவியார் பயிற்சிக்குப் போக முதலே மச்சானிடம் சொன்னார்.

"இஞ்ச பார், எனக்கும் மனசு கேக்குதில்ல. கடைசி நாள் மேடையில பொல்லு கையில நிண்டா ஒன்ட இடம் ஒனக்குத்தான். விழுந்திச்செண்டா இனித் தாளத்துக்கு வந்திரு. சரியா?"

"பாப்பம் அண்ணாவியார். நிக்கும்" என்று மச்சான் சிரித்தான்.

முதல் நாள் எல்லாரும் வட்டமாக இருந்து, தான் யார், ஏன் ஆடுகிறேன் என்று சொல்ல வேண்டும் என்றார்கள். என் முறை வந்தபோது நான் எழும்பவில்லை. மச்சான் எழும்பி, "இவர் கதைக்க மாட்டார். அடிப்பார்" என்றான். மண்டபமே சிரித்தது. எனக்கு அது பெரிய உதவி.

அதற்குப் பிறகு எங்களைத் தரையில் மல்லாந்து படுக்கச் சொன்னார்கள். சாரம் கட்டிய ஆட்கள் நாங்கள். காலைத் தூக்கு என்றால் எப்படித் தூக்குவது? மறுநாள் எல்லாரும் காற்சட்டையோடு வந்தோம். தண்ணீரைப்போல அசையுங்கள் என்றார்கள். "காலமெல்லாம் தண்ணிக்குள்ள நிண்டு இழுத்தது காணாதெண்டு இப்ப தண்ணியாகவும் வேணுமாம்" என்று மச்சான் என் காதில் சொன்னான். வெளியே கச்சான் என்கிற மேல்காற்று சுட்டுக்கொண்டு அடித்தது. மத்தியானம் லுஹர் தொழுகைக்கு விட்டால் பள்ளிவாசல் ஹவுள் தொட்டியில் முகம் கழுவுவதே சுகமாக இருந்தது.

ஆட்டம் அமைக்கப் பழகுகிறவர்களுக்கு ஆளுக்கொரு குழுவைப் பிரித்துக் கொடுத்தார்கள். எங்களுக்குக் கிடைத்தவர் வினாயகபுரத்தில் இருந்து வந்த ஒரு டீச்சர். இளம் வயது. எங்களை வைத்துக் கடைசி நாள் ஒரு ஆட்டம் காட்டுவது அவருடைய வேலை. ஆட்டத்தைப் பார்ப்பதைவிடக் கேட்பதில்தான் அவருக்குப் பிரியம். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணை மூடி நிற்பார்.

நான் என்ன செய்தேன் என்று சொல்ல வேண்டும். மச்சானின் இடது கைப் பொல்லுக்கு எதிரில் வருவது என் வலது கைப் பொல்லு. அடி இறங்குகிற நேரத்தில் நான் மணிக்கட்டைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொள்வேன். பார்க்கிறவர்களுக்குக் கை முழுதாக வீசுவதாகவே தெரியும். பொல்லு போய்த் தொடும், அவ்வளவுதான். மச்சானின் கையும் ஆடாது. நான் அதைப் பற்றி யாரிடமும் கதைக்கவில்லை.

டீச்சர் ஒரு நாள் திடீரென்று திரும்பினார்.

"நில்லுங்க, நில்லுங்க. ஒரு சோடிட சத்தம் வேற மாதிரிக் கேக்குது."

ஒவ்வொரு சோடியாக அடிக்கச் சொல்லி எங்களிடம் வந்தார். நாங்கள் அடித்தோம். டீச்சர் மறுபடியும் கண்ணை மூடினார்.

"நானா, இது எப்பிடி அடிக்கிறீங்க? மழை தொடங்கக்கொள்ள ஓலையில விழுற மாதிரியெல்லோ கிடக்கு. இது உங்கட ஊர் முறையா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அத்தனை முகங்கள் என் பக்கம் திரும்பினால் என் வாயில் வருகிற சொல் ஒன்றுதான்.

"ஓம்" என்றேன்.

"எந்த ஊர்லடா?" என்றார் அண்ணாவியார்.

டீச்சரின் காதில் அது விழவில்லை. எல்லாரும் அப்படி அடித்துப் பாருங்கள் என்றார். எங்கள் ஆட்களுக்குப் பொல்லை ஓங்கி அடிக்கத்தான் தெரியும். மெல்ல அடிக்கச் சொன்னதும் கால் பிசகியது, பாட்டுப் பிசகியது. "இதென்ன டீச்சர், தொட்டிலுக்குப் பக்கத்தில நிண்டு ஆடுறாப்போல?" என்று ஒருவர் கேட்டார். "அதுதான் நானா, அப்பிடித்தான்! புள்ள எழும்பப்படாது" என்று டீச்சர் கைதட்டினார். அன்று பின்னேரத்துக்குள் ஆட்டத்தின் நடுப்பகுதி முழுவதையும் அந்த மெல்லிய அடியில் அமைத்துவிட்டார். முதலில் வழமையான அடி, பிறகு மெல்ல மெல்லக் குறைந்து தூறல்போல ஆக வேண்டும், முடிவில் மறுபடியும் முழு அடி.

எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்க, மச்சான் தன் இடது கையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வீட்டுக்குப் போகும்போது இருவரும் கடற்கரை வீதியால் நடந்தோம். வழமையாக அவன் கதைப்பான், நான் கேட்பேன். அன்று அவன் இடது கையை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டு வந்தான்.

"எப்ப இருந்து?" என்று கேட்டான்.

நான் நிலத்தைப் பார்த்தேன்.

"கேக்கனெல்லோ. எப்ப இருந்து இப்பிடித் தொட்டுத் தொட்டு விடுறாய்?"

"இஞ்ச வந்ததில இருந்து."

அவன் கொஞ்சத் தூரம் நடந்தான்.

"நான் நினைச்சன், கை தேறி வருதெண்டு" என்றான். "வீட்டயும் சொல்லிப்போட்டன். பொல்லு நிக்கிது, இனிக் கொஞ்ச நாளில வலைக்கும் போகலாம் எண்டு."

அவன் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தன் வீட்டுப் படலை வந்ததும் சலாம்கூடச் சொல்லாமல் உள்ளே போய்விட்டான். அடுத்த நாள் பயிற்சிக்கு வரவில்லை. நான் சோடியில்லாமல் பாட்டுக்காரர்களுக்குப் பக்கத்தில் நாள் முழுக்க நின்றேன்.

மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரியில நான் கஞ்சி பருக்கப் போனதுக்கே கரண்டியத் தட்டிவிட்ட மனிசன் அவர்" என்றாள். "அவருக்குத் தெரியாம உதவி செய்யப் போனீங்களா? நல்ல வேல பாத்திருக்கிறீங்க."

"இப்ப என்ன செய்யிற?"

"போய்க் கதைங்க."

"எனக்குக் கதைக்க வராதே."

"அவருக்கிட்ட வரும். போங்க."

அடுத்த நாள் காலையில் பேக்கரியில் சுட்ட சூடான பாணோடு போனேன். மச்சான் வாசலில் கதிரை போட்டிருந்தான். ஆஸ்பத்திரியில் கொடுத்த ரப்பர் பந்தை இடது கையில் வைத்துப் பிசைந்துகொண்டிருந்தான். பந்து அமுங்கியதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. நான் பக்கத்தில் குந்தினேன். அவன் மனைவி, என் மச்சி, தேநீர் கொண்டுவந்து வைத்தாள். எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

"அண்ணாவியார் ஒனக்கு வேற சோடி போட்டுத் தருவார்" என்றான் மச்சான்.

"வேணாம்."

"வேணாமெண்டா? தனிய நிண்டா ஆடப்போறாய்?"

"நீ வராட்டி நான் ஆர்ர மொகத்தப் பாத்து ஆடுற?"

வழியெல்லாம் யோசித்து வைத்த கதை எதுவும் வரவில்லை. வந்தது இதுதான். மச்சான் பந்தை மாறி மாறி இரண்டு கையிலும் வைத்துப் பார்த்தான்.

"அப்ப ஒரு கதை" என்றான். "முழு அடி வாற இடத்தில நீ முழுசா அடிக்கோணும். முந்தி எப்பிடி அடிச்சியோ அப்பிடி. விழுந்தா விழட்டும்."

"விழுந்தா ஒன்ட இடம் போயிருமே."

"என்ட இடமெல்லோ போற? ஒனக்கென்ன? அடிப்பியா மாட்டியா?"

"அடிப்பன்."

"அல்லாஹ்வுக்காகச் சொல்லு."

சொன்னேன்.

மண்டபத்துக்குப் போனதும் மச்சான் நேராக டீச்சரிடம் போனான். "டீச்சர், ஊர் முறையும் இல்ல ஒண்டும் இல்ல. என்ட கை ஏலாத கை. இவன் பாவம் பாத்து அடிச்சவன்" என்றான். டீச்சரின் முகம் சிவந்துவிட்டது. எங்கே தான் அமைத்ததை எல்லாம் கலைத்துவிடுவாரோ என்று நான் பயந்தேன்.

"எனக்கு அந்தச் சத்தம் விருப்பம் நானா" என்றார். "அத எடுக்க மாட்டன். கடைசியில வாற முழு அடியக் குறைக்கட்டா?"

"குறைக்க வேணாம் டீச்சர்."

"விழுந்தா?"

"விழுந்தா எங்களுக்கு ஒரு வழமை இரிக்கி. அதப் பாத்துக்கொள்ளுவம்."

மிச்ச நாட்களில் நான் முழுதாக அடித்தேன். சில நேரம் பொல்லு நின்றது, சில நேரம் விழுந்தது. விழுந்தபோது மச்சான் சிரிக்கவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. "இன்னொருக்கா" என்பான்.

கடைசி நாள் மண்டபம் நிறைந்திருந்தது. பெண்கள் ஒரு பக்கம் இருந்தார்கள். என் மனைவியும் மச்சியும் முன்வரிசைக்கு வந்துவிட்டார்கள். மெல்லிய அடி வருகிற இடத்தில் டீச்சர் மின்விசிறிகளை நிறுத்தச் சொல்லியிருந்தார். அண்ணாவியாரும் பாட்டை நிறுத்தினார். சத்தம் குறைந்து குறைந்து வந்தது. ஓலையில் மழை என்று டீச்சர் சொன்னது எனக்கு அப்போதுதான் கேட்டது. யாரோ ஒரு குழந்தை இருமியது. மச்சானின் பொல்லு என் பொல்லைத் தொட்டு விலகியது. அந்த இடத்தில் எங்கள் எல்லாருக்கும் மச்சானின் கைதான்.

பிறகு அண்ணாவியார் குரலை எடுத்தார். முழு அடி தொடங்கியது. நான் மச்சானின் கண்ணைப் பார்த்தேன். அவன் தலையை ஆட்டினான். அடித்தேன். பொல்லு நின்றது. ஒரு சுற்று வந்தோம், நின்றது. இன்னொரு சுற்று. அவன் நெற்றியில் வியர்வை வழிந்தது. நான் கையை இழுக்கவில்லை. பாட்டு முடியக் கொஞ்சந்தான் இருந்தது. அவனுடைய இடது கைப் பொல்லு பறந்து போய்த் தரையில் உருண்டது.

மச்சான் குனியவில்லை. வட்டம் சுழல்கிற நேரம் பார்த்து, யார் காலிலும் படாமல், வலது கைப் பொல்லோடு வெளியே போனான். அண்ணாவியார் பாட்டை விடாமலே தன் கையில் இருந்த வெண்கலத் தாளத்தை அவனிடம் நீட்டினார்.

நான் வெறுங்காற்றில் அடித்துக்கொண்டு சுற்றினேன். எதிரில் முகம் இல்லை. கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. என் வாழ்க்கையில் முதல் தடவையாக வட்டத்துக்கு வெளியே பார்த்தேன். ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தாள். அத்தனை முகங்களைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மச்சானைத் தேடிப் பிடித்தேன். தாளத்தின் கயிற்றை இடது கை விரல்களில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு, என்னைப் பார்த்தபடி தட்டிக்கொண்டிருந்தான். சுற்றி வரும் ஒவ்வொரு தடவையும் அவன் பக்கம் திரும்பித் திரும்பி மிச்ச ஆட்டத்தை ஆடி முடித்தேன்.

பின்னேரம் வீட்டுக்கு நடந்தோம். பெண்கள் இருவரும் முன்னால் போனார்கள்.

"முழுசாத்தானே அடிச்ச?" என்றான் மச்சான்.

"ஓம்."

"கடைசியிலயும் இழுக்கல்லியே?"

"இல்ல மச்சான்."

"தெரியும். கை இன்னும் விறுவிறுக்கிது" என்று மணிக்கட்டைத் தடவினான். "எண்டாலும் கொஞ்ச நேரம் நிண்டிச்சி, என்ன?"

"நல்ல நேரம் நிண்டிச்சி."

என் மனைவி திரும்பிப் பார்த்து, "ரெண்டு மாப்பிளமாரும் ஊர்ந்து வாறாங்க. கெதியா வாங்களன், மஃரிப் தொழுகைக்கு நேரமாகப்போகுது" என்று சத்தம் போட்டாள்.

"தாளம் எனக்குச் சரியா வருதில்ல" என்றான் மச்சான். "நாளைக்குப் பின்னேரம் ஒன்ட பொல்லையும் எடுத்திட்டு வா. நீ அடி, நான் பழகிறன்."

வாறன் என்றேன்.