கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸ்டெல்லா

அன்பியத்துச் சொந்தங்களே, என் மனைவி ஸ்டெல்லாவின் கையை ஒரே ஒரு தடவை பிடித்தால் போதும் என்று நான் ஏங்கிக் கிடந்த நாட்களைச் சொல்கிறேன்.

போன வருடம் மாதா தேர் முடிந்த வாரம் அவளுக்குக் காய்ச்சல். ஏற்கெனவே லூபஸ் இருந்தது. உடம்பைக் காக்கவேண்டிய சக்தியே உடம்பைத் தாக்கும் வியாதி. அந்தச் சக்தியை அடக்கத்தான் மாத்திரை. செஞ்சியிலிருந்து பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனோம். தீவிர சிகிச்சைப் பிரிவில் மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். எட்டாவதோடு நின்றவன் நான். டாக்டரம்மா எனக்குப் புரியும்படி சொன்னார்.

"காய்ச்சல் வியாதியால வந்ததா, கிருமியால வந்ததான்னு தெரியல. வியாதின்னு நெனச்சு சக்தியை அடக்குற மருந்தைக் கூட்டினா, உள்ள இருக்கிற கிருமி ஜெயிச்சிடும். ரிசல்ட் வரட்டும்."

எனக்கு லேசான சளி. அதனால் உள்ளே விடவில்லை. கண்ணாடி வழியாகப் பார்ப்பதோடு சரி. அவள் விரல் அசைகிறதா என்றே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஞாயிறு பூசை முடிந்து நம் அன்பியத்துக் குடும்பங்கள் வேனில் வந்து இறங்கின. நோயாளி தலையில் கைவைத்துச் செபிப்பதுதானே நம் வழக்கம்? மாதா குகையான கெபியில் பிடித்த தண்ணீர், செபித்த எண்ணெய், மாதாவுக்குப் போட்ட மாலை எல்லாம் கொண்டுவந்தார்கள். நர்ஸ் தடுத்தார்.

"எதிர்த்து நிக்க அவங்க ஒடம்புல சக்தி இல்லீங்க. பூவுல, தண்ணியில இருக்கிற கிருமியே போதும்."

மாலையை வைத்திருந்த மரியம்மா அக்காவுக்குக் கோபம். "இன்னாம்மா, மாதா தண்ணியில கிருமியா?"

நான் குறுக்கே போனேன். "வேணாங்க்கா. நானே உள்ள போவல" என்றேன். அழுதுவிட்டேன்.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். "சரி வுடு தம்பி. ஆண்டவருக்குக் கண்ணாடி இன்னா, செவுரு இன்னா?"

வெளியே வேப்பமரத்தடியில் எல்லோரும் முட்டிபோட்டார்கள்.

மறுநாள் ரிசல்ட் வந்தது. கிருமிதான். அதற்கேற்ற மருந்து ஏற்றினார்கள். காய்ச்சல் மெல்ல இறங்கியது. குழாயை எடுத்தார்கள். டாக்டரம்மா கையோடு ஆண்டவர் கையும் இருந்தது என்று நம்புகிறேன்.

என் சளி போனதும் உள்ளே விட்டார்கள். சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்தேன். போதுமா என்று பயம். மறுபடி தேய்த்தேன்.

கம்மிய குரலில் ஸ்டெல்லா கூப்பிட்டாள். "யோவ், தோலு உரிஞ்சிடப் போவுது. வாய்யா."

பிடித்தேன். அந்தக் கையில் காய்ச்சல் சூடு இல்லை.

இப்போது வீட்டில் இருக்கிறாள். மாத்திரை தொடர்கிறது. என் பயமும் முழுசாகப் போகவில்லை. ஆனால் பயத்தோடு செபிக்கக் கற்றுக்கொண்டேன். உங்களுக்கு வேண்டியவர் யாராவது கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தால், வெளியிலேயே முட்டிபோடுங்கள். நாம் போகமுடியாத இடத்தில் ஆண்டவர் இருக்கிறார். கதவு திறக்கும். கையைக் கழுவி வைத்திருங்கள்.