பதினொரு நிமிட இடைவேளை

ஜூலை 12, சனிக்கிழமை, மாலை 4.10. மழையும் காற்றும். வெளிநாட்டில், ஆல்பனியில் ஒரு தியேட்டரில் நானும் மனைவியும் தமிழ்ப் படம் பார்க்க உட்கார்ந்தோம். சந்தையில் மூட்டை தூக்கும் இளைஞன் வறுமையிலிருந்து மீளப் போராடும் கதை. நானும் அப்படி மீண்டவன்தான். அவன் எப்படி மீள்கிறான் என்று பார்க்கவே போனேன்.

திரையில் ‘இடைவேளை’ என்று வந்ததும் எழுந்தேன். கழிப்பறைக்குப் போய்விட்டு, காபி வாங்கிக்கொண்டு, மணி அடிக்கட்டும் என்று வெளியே நின்றேன். டிக்கெட் பார்க்கும் மலேசியத் தமிழ்ப் பெண் சிரித்தாள்.

“அங்கிள், இங்க இடைவேளையெல்லாம் விடமாட்டாங்க லா. படம் ஓடிக்கிட்டே இருக்கு.”

பதினொரு நிமிடம் போய்விட்டது. உள்ளே, மூட்டை தூக்கியவன் டை கட்டி ஆபீசில் உட்கார்ந்திருந்தான்.

“எப்படி இங்க வந்தான்?” என்று மனைவியைக் கேட்டேன்.

“கஷ்டப்பட்டான், வந்துட்டான். பேசாம பாருங்க.”

எனக்கு இருபத்திரண்டு வருடம் பிடித்தது. இவளுக்கு இரண்டே சொல்! மனசு கேட்காமல் மறுநாள் தனியாகப் போய், அசையாமல் உட்கார்ந்து பார்த்தேன். இடைவேளைக்குப் பின் ஒரு சண்டை, ஒரு பாட்டு. பாட்டு முடிவதற்குள் அவன் மீண்டுவிட்டான்.

மூன்று டிக்கெட், ஒரு காபி: அறுபத்தெட்டு டாலர் ஐம்பது சென்ட்.