வாங்கின விலைக்குப் போகும்

கத்தரிக்கோல் மாதிரி கைப்பிடி. நுனியில் இரண்டு பக்கமும் பாதிப் பாதியாக ஒரு குழி. மூடினால் குழிகள் ஒன்றுசேர்ந்து உள்ளே கோலிக்குண்டு அளவுக்கு இடம் இருக்கும். மேலே உள்ள துளை வழியாக உருக்கிய ஈயத்தை ஊற்றி, ஆறியதும் திறந்தால், வெள்ளியாய் மின்னும் ஓர் உருண்டை விழும். முதன்முதலாக அதை என் கையில் கொடுத்து, என்னவென்று சொல்லச் சொன்னார் எங்கள் மேனேஜர். பாக்குவெட்டி என்றேன். மனிதருக்கு ஏக சந்தோஷம். விற்ற அம்மாளும் கொட்டை உடைக்கிற கருவி என்று நினைத்துச் சமையலறைக் கரண்டிகளோடு போட்டுவைத்திருந்தாராம். துப்பாக்கிச் சாமான்கள் இருந்த மேசையில் கிடந்திருந்தால் அதன் விலையே வேறு என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

நான் ஃபிரிஸ்கோவுக்கு வந்த புதிது. கார் இல்லை. டெக்சஸில் கார் இல்லாமல் ஒரு கொத்தமல்லிக் கட்டுகூட வாங்க முடியாது. கோவில்பட்டிக்காரரான மேனேஜர்தான் தினமும் என்னை ஆபீசுக்கு ஏற்றிக்கொண்டு போவார். அந்த நன்றியைச் சனிக்கிழமைகளில் வட்டியோடு வசூலித்துக்கொண்டார். காலையில் அபார்ட்மென்ட் வாசலில் வந்து ஹாரன் அடிப்பார். ஷெர்மன், டென்டன் பக்கம் எங்காவது எஸ்டேட் சேல் இருக்கும். வீட்டுக்காரர் இறந்துபோன பிறகு பிள்ளைகள் வீட்டைத் திறந்துவிட்டு, உள்ளே இருப்பதையெல்லாம் விலைபோட்டு விற்பார்கள். முன்பின் தெரியாதவர்கள் படுக்கையறை வரை போய் அலமாரியைத் திறந்து பார்க்கலாம். எனக்கு அது துக்க வீட்டில் புகுந்து துழாவுகிற மாதிரி இருக்கும். அவர் நேராக கராஜுக்குப் போய்விடுவார்.

அவர் தேடியதெல்லாம் குழல் வாய்வழியே வெடிமருந்தும் குண்டும் போட்டுக் கெட்டிக்கிற பழைய பாணித் துப்பாக்கிக்கான சாமான்கள். நம் ஊரில் கொக்கு, காடை சுடுகிறவர்கள் வைத்திருப்பார்களே, ஏறக்குறைய அந்த இனம்தான். குண்டு வார்க்கும் அச்சு, ஈயம் உருக்கும் சட்டி, மருந்து அளக்கும் பித்தளைக் குப்பி, கெட்டிக்கிற குச்சி. பேரம் பேசுவதில் அவருக்கு ஒரு முறை உண்டு. தனக்கு வேண்டவே வேண்டாத ஒரு சுவர்க் கடிகாரத்தை எடுத்து, விற்கிறவர் சலித்துப்போகும் வரை விலை கேட்டுவிட்டு, கடைசியில் போனால் போகட்டும் என்கிற முகத்தோடு, "சரி, இந்த இரும்பையாவது குறைச்சுக் குடுங்க" என்று அச்சை நீட்டுவார். முக்கால்வாசி நேரம் பலித்துவிடும். நான் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று ஒருநாள் கேட்டேன். டெக்சஸ் வந்த கையோடு, எல்லாரும் வாங்குகிறார்களே என்று துப்பாக்கிக் கடைக்குப் போனாராம். விசாக்காரனுக்கு விற்க முடியாது என்று கைவிரித்துவிட்டு, கடைக்கார முதியவர் ஒரு மூலையைக் காட்டினாராம். அங்கே இருந்த பழைய பாணித் துப்பாக்கி சட்டத்தின் கணக்கில் துப்பாக்கியே இல்லையாம், தாராளமாக எடுத்துப் போகலாமாம். "இந்த நாட்டுல வெயிட்டிங் இல்லாம எனக்குக் கிடைச்சது இது ஒண்ணுதான் தம்பி" என்றார்.

அவர் கிரீன் கார்டுக்குக் காத்திருந்தவர். கைக்குழந்தையாகத் தூக்கி வந்த மகள் பள்ளிப் படிப்பின் கடைசி வகுப்புகளுக்கு வந்திருந்தாள்; கார்டு வரவில்லை. ஒவ்வொரு மாதமும் வரிசை எவ்வளவு நகர்ந்தது என்ற அறிவிப்பு வரும். அன்று மதியம் அவர் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே பேசாமல் இருந்தால் நகரவில்லை என்று அர்த்தம். வேலையை மாற்றினால் பாதிக் காரியத்தைத் திரும்ப ஆரம்பிக்க வேண்டும். ஊருக்குப் போனால் விசா ஸ்டாம்பிங்கில் மாட்டித் திரும்ப முடியாமல் போகலாம். அம்மா இறந்தபோதுகூட வீடியோவில்தான் பார்த்தார். அதனால் அவர் வீட்டில் புதுப்பொருள் என்று எதுவும் கிடையாது. சோபா, சாப்பாட்டு மேசை, மகளின் கீபோர்டு எல்லாமே யாரோ பயன்படுத்தியவை. "விசால இருக்கிறவன் புதுசு வாங்கப்படாது. நாளைக்கே கெளம்புன்னு சொன்னா, வாங்கின வெலைக்குப் போகணும்." அச்சுகளையும் குப்பிகளையும் அவர் அடிமாட்டு விலைக்குத் தேடியதற்கும் அதுதான் காரணம். ஆசையையும் நஷ்டமில்லாமல் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அப்போது எனக்கு அது கஞ்சத்தனமாகத் தெரிந்தது. இன்று நானும் அதே வரிசையில் நிற்கிறேன். என் சோபாவும் பழைய சோபாதான்.

ஒரு வியாழக்கிழமை ஆட்குறைப்பில் அவர் பெயர் வந்தது. இரண்டே மாதம். அதற்குள் வேறு கம்பெனி எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் குடும்பத்தோடு நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். முதல் சில வாரங்கள் அவரைப் பார்க்கவே சகிக்கவில்லை. சவரம் செய்யாத முகத்தோடு நாள் முழுக்க அப்ளை பண்ணிக்கொண்டிருந்தார். அனுமார் கோயிலில் சுற்றிச் சுற்றி வந்தார். முன்பின் தெரியாத ஊருக்கு வர மாட்டேன் என்று மகள் இங்கிலீஷில் சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.  அவர் மனைவி கோவில்பட்டியில் இருக்கும் தன் தங்கையுடன் போனில் பேசுகிற நேரம் கூடிக்கொண்டே வந்தது.

பிறகு திடீரென்று அவர் மனசிலிருந்து ஏதோ பாரம் இறங்கிவிட்டது. போகிறோம் என்று முடிவு செய்துவிட்டார். கராஜ் கதவைத் தூக்கிவைத்து எல்லாவற்றையும் பரப்பினார். கிரைண்டர், கொலுப்படி, கீபோர்டு. ஓரமாக ஒரு பெட்ஷீட்டில் அந்தப் பழைய துப்பாக்கியும் அதன் சாமான்களும். நான் உதவிக்குப் போயிருந்தேன். இத்தனை வருடம் எஸ்டேட் சேல்களில் அவரோடு முட்டிக்கொண்ட ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வந்தார். அச்சு, சட்டி, குப்பி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். கேட்ட விலையை அப்படியே கொடுத்துவிட்டு, மேனேஜரின் தோளை ஒருமுறை தட்டிவிட்டுப் போனார். மேனேஜர் கையில் பணத்தோடு நின்றார். "பேரமே பேசல, பாத்தீங்களா? எழவு வீட்டுல நான்கூட பேசாம விட்டதில்ல" என்றார். சிரிப்பார் என்று நினைத்தேன். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஆனால் அதற்குப் பிறகு அவர் வேறு ஆளாகிவிட்டார். வெயில் ஏறும் வரை தூங்கினார். அந்த மாத அறிவிப்பு வந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. ஊரில் வீட்டு மாடியில் ஓர் அறை எடுத்துக் கட்டலாம் என்று காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கடைக்கு அழைத்துப் போய், கூப்பன் எதுவும் தேடாமல், போட்டிருந்த விலைக்கே நான்கு புத்தம்புதிய சூட்கேஸ்கள் வாங்கினார். அவர் புதுச்சாமான் வாங்கி நான் பார்த்தது அன்றுதான். திரும்பி வரும்போது காரில் ஏதோ பழைய பாட்டை மெட்டு மட்டும் முனகிக்கொண்டே வந்தார். எனக்கு அவர்மேல் பொறாமையாக இருந்தது, மறைப்பானேன்.

டிக்கெட் போட்டாயிற்று. கிளம்ப ஒரு வாரம்கூட இல்லாதபோது, கலிபோர்னியாவில் மில்பிடாஸில் இருந்து வேலை வந்தது. அவரே மறந்துபோயிருந்த ஒரு இன்டர்வியூ. விசாவை அவர்கள் மாற்றிக்கொள்வார்கள். வரிசையில் அவருடைய இடமும் அப்படியே இருக்கும். மகள் கதவைத் திறந்து ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டாளாம். சேதி கேட்டு ஆபீசில் கைதட்டினோம். நான் போன் செய்து வாழ்த்துச் சொன்னேன். "கெடைச்சிருச்சு தம்பி" என்றார். துக்கச் செய்தி சொல்கிற குரலில் ஒரு மனிதர் அதைச் சொல்லி அதற்குமுன் நான் கேட்டதில்லை.

கலிபோர்னியாவுக்குக் காரிலேயே கிளம்பினார்கள். விற்றது போக மிச்சம் அதிகமில்லை. சூட்கேஸ்களை நான்தான் பின்னால் அடுக்கினேன். மகள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்து எனக்குக் கையாட்டினாள். அவர் மனைவி முன்சீட்டில் உட்கார்ந்து மடியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊருக்கு வரவில்லை என்பதைத் தங்கையிடம் அவர் இன்னும் சொல்லவில்லை என்று மேனேஜர் முன்பே என்னிடம் சொல்லியிருந்தார். எல்லாம் நல்லதற்குத்தான், மகள் படிப்பு முக்கியம், கராஜ் சேலுக்குத்தான் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று எனக்குத் தெரிந்த ஆறுதலைச் சொன்னேன். அவர் வண்டியைக் கிளப்பிவிட்டு, கண்ணாடியை இறக்கினார்.

"வித்தது தப்பில்ல தம்பி," என்றார். "போயிரலாம்னு நெனச்சேன் பாருங்க, அதுதான் தப்பு."