அனுமதி வீட்டுக்காரர் பேரில்

பட்டுப்புடவைக்கு டிசைன் போடுவது என் வேலை. முன்னறையில் வீட்டுக்காரர் தறி நெய்வார். உள்ளறையில் நான் கம்ப்யூட்டரில் பார்டரும் முந்தியும் வரைவேன். நான் வரைந்து கொடுத்தால்தான் தறிமேல் உட்கார்ந்து டிசைனுக்கு ஏற்ப இழைகளைத் தூக்கிக் கொடுக்கிற எலக்ட்ரானிக் ஜக்கார்டு அசையும்.

பழைய கம்ப்யூட்டர் ஒருநாள் உயிரை விட்டது. சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிற என் தம்பி புதிதாக ஒன்று வாங்கி வந்தான். என் டிசைன் புரோகிராம் ரொம்பப் பழசு; புதியதில் ஓட மாட்டேன் என்றது. அதனால் அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே பழைய மாதிரி இன்னொரு கம்ப்யூட்டரை உண்டாக்கினான். விர்ச்சுவல் மெஷினாம். உள்ளே இருப்பதில் வரைய வேண்டும். வரைந்தது வெளியே இருப்பதற்கு வந்தால், பென் டிரைவில் எடுத்துத் தறிக்குக் கொண்டுபோகலாம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருப்பதே வெகுநாள் எனக்குத் தெரியாது. அவ்வளவு ஒழுங்காக வேலை செய்தது.

ஒருமுறை லீவில் வந்தவன் அதைத் திறந்து பார்த்து முகம் மாறினான்.

"அக்கா, உள்ளயும் வெளியயும் பேசிக்கிற டிவைஸ் இது. யார் வேணும்னாலும் தொறக்கிற மாதிரி கெடக்குது."

"வீட்ல நானும் மாமாவும்தானேடா இருக்கோம்?"

"அதுக்காக? செக்யூரிட்டின்னு ஒண்ணு இருக்குதுல்ல."

ஏதோ தட்டினான். சரிபண்ணியாச்சு என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினான்.

மறுநாள் வாலாஜாபாத்திலிருந்து ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா வந்தார். முகூர்த்தப் புடவை பார்டரில் நான் இரண்டு அன்னங்களை முதுகோடு முதுகாக நிறுத்தியிருந்தேன். திரையை உற்றுப் பார்த்தார்.

"இன்னாமா இது, கல்யாணத்துக்கு முன்னாடியே ரெண்டும் கோச்சிக்கினு நிக்குது?"

ஒன்றைத் திருப்பி நேருக்கு நேர் நிறுத்தினேன். அவருக்குத் திருப்தி. நெய்ய ஆரம்பிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று உட்கார்ந்துகொண்டார். தறியில் பாவு தயாராக இருந்தது. டிசைனை வெளியே அனுப்பினேன். அனுமதி இல்லை என்று பதில் வந்தது.

ஆபீசில் இருந்த தம்பியைக் கூப்பிட்டேன். அங்கிருந்தே என் கம்ப்யூட்டருக்குள் வந்து பார்க்கச் சொன்னேன்.

"எங்க கம்பெனி நெட்ல அதுக்குப் பர்மிஷன் இல்லக்கா. திரையில இன்னா இருக்குதுன்னு படி."

படித்தேன்.

"அந்த டிவைஸுக்கு ஒரு குரூப் போட்டுட்டேன்க்கா. குரூப்ல இருக்கிறவங்களுக்குத்தான் அனுமதி."

"யாரு இருக்காங்க குரூப்ல?"

"மாமா."

மாமா அதுவரை அந்த மவுஸைத் தொட்டதில்லை. வீட்டுக்குப் பெரியவர் என்று முதல் அக்கவுண்டை அவர் பேரில் போட்டானாம், அட்மினும் அவர்தானாம். இரண்டாவது அக்கவுண்டில்தான் நான் இத்தனை நாளும் வேலை பார்த்திருக்கிறேன்.

தறியிலிருந்து அவரை அழைத்து விஷயத்தைச் சொன்னேன். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தம்பி ஃபோனில் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல, ஒற்றை விரலால் பாஸ்வேர்டை அடித்தார். பிறகு என் பெயரைக் குரூப்பிலும் அட்மினிலும் சேர்த்தார்.

"குடுத்துட்டேன். போ, செய்" என்றார்.

மறுபடி அனுப்பினேன். அதே அனுமதி இல்லை.

"நானே குடுத்துட்டேன், இன்னும் இன்னா அடம் பிடிக்குது?" அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"அக்கா லாக் அவுட் பண்ணிட்டு திரும்ப உள்ள வரணும் மாமா. அப்பதான் நீங்க குடுத்தது அதுக்குத் தெரியும்."

அப்படியே செய்தேன். டிசைன் வெளியே வந்தது. அன்னங்களின் கால்கள் தறியில் தெரிகிற வரைக்கும் பார்த்துவிட்டு அந்தம்மா எழுந்தார். போகும்போது என் வீட்டுக்காரரிடம், "நீங்க இல்லன்னா இன்னிக்கு வேல நடந்திருக்காது" என்றார். அவர் அதை மறுக்கவில்லை. டீக்கடையிலும் சொல்லிக்கொண்டிருந்ததாகக் கேள்விப்பட்டேன்.

கொஞ்ச நாள் கழித்துத் தம்பியிடம், குரூப்பிலிருந்து ஒரு பெயரை எடுப்பது எப்படி என்று கேட்டேன்.

"யார் பேருக்கா?"

"சும்மா கத்துக்கலாம்னுதான்டா."

சொல்லிக்கொடுத்தான். வீட்டுக்காரருக்கு இப்போது அந்த வழியில் அனுமதி கிடையாது. இன்றுவரை அவர் கேட்டதும் இல்லை.