தூசில்லாத ராஜா

எண்ணூரில் எங்கள் தெருவில் செஸ் ஆடுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. யோசிக்கும்போது விரல் சும்மா இருக்காது, காய்களின் தலையைத் துடைத்துக்கொண்டே இருக்கும். அனல்மின் நிலையத்துச் சாம்பல் அப்படி விழுகிறது. துடைத்த பலகை ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் நரைத்துவிடும். சோற்றிலும் அதுதான், காயப்போட்ட துணியிலும் அதுதான். கருமம்.

அன்று நகரத்துக்குள் ஓர் ஏசி அரங்கில் கடைசிச் சுற்று. ஜெயித்தால் மாவட்ட அணியில் எனக்கு இடம். எதிரே உட்கார்ந்தவர் கை குலுக்கிக்கொண்டே எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். உடனே பையிலிருந்து சானிடைசரை எடுத்துக் கையில் தேய்த்துக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெள்ளைக் காய் எனக்கு. ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினேன், அவரும் தள்ளினார். குதிரையை எடுத்தேன், அவரும் எடுத்தார். அடுத்தது பிஷப், பிறகு கோட்டை கட்டி ராஜாவைப் பத்திரமாக உட்காரவைக்க வேண்டும். மாதக்கணக்கில் என் வீட்டுக்காரரோடு ஆடிப் பழகிய தொடக்கம் அது. இந்த ஆளை எப்படி மடக்கலாம் என்று யோசித்தபடியே ராஜாவின் தலையைத் துடைத்தேன்.

"ராஜாவைத் தொட்டுட்டீங்க மேடம்."

தொட்ட காயைத்தான் நகர்த்த வேண்டும், அது போட்டி விதி. அவர் கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டுவிட்டார்.

"தொட்டீங்களாம்மா?"

"தொட்டேன் சார். தூசு தொடச்சேன்."

"தொடறதுக்கு முன்னாடி, சரிசெய்யறேன்னு சொல்லியிருக்கணும்மா."

ராஜா போவதற்கு ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது, சிப்பாய் காலி செய்த இடம். அங்கே வைத்தேன். நகர்ந்த ராஜாவுக்கு அப்புறம் கோட்டை கிடையாது. பக்கத்துப் பலகைக்காரர்கள் எட்டிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நடுத்தெருவில் நின்ற என் ராஜாவை அந்த மனிதர் அவசரமே இல்லாமல் விரட்டி விரட்டிப் பிடித்தார். முடிந்ததும் கை கொடுத்தார். மறுபடியும் சானிடைசர். சீ, என்ன ஜென்மமோ!

வாசலில் வீட்டுக்காரர் நின்றிருந்தார்.

"இன்னா ஆச்சு? மூஞ்சி ஏன் இப்டி கீது?"

நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"இங்கியும் அந்த சாம்பலு வந்துகினு கீதா?" என்றார்.

விரலை நீட்டிக் காட்டினேன். ஒரு துகள்கூட இல்லை. இல்லாத தூசைத் துடைத்த அந்த விரலை, சீ என்று புடவையில் தேய்த்தேன்.